களைக்காத நொண்டி மீன்

ஒரு காட்டில் என்று கதையைத் தொடங்கினால் உடனே சிங்கம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும், பிள்ளைகளே. ஆகையால் இந்தக் கதை கடலில் நடக்கட்டும்.

ஒரு கடலில் மின்னி என்ற மத்தி மீன் இருந்தாள். அவளுடைய வாலில் பாதியை ஒரு சுறா எப்போதோ கொறித்துவிட்டது. அதனால் அவளுக்கு நேராக நீந்த வராது. சாய்ந்து சாய்ந்து, தத்தித் தத்தித்தான் போவாள். கூட்டம் எங்கே போனாலும் கடைசியாக வந்து சேர்வது மின்னிதான்.

அதே கடலில் வாள்வாயன் என்ற வஞ்சிர மீனும் இருந்தான். வேகத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் பாருங்கள், துடிப்பான மீனை அவன் ஒருநாளும் துரத்தமாட்டான். அடிபட்டது, இளைத்தது, பின்தங்கியது என்றால் மட்டும் பாய்ந்து வருவான். வீரனாம் வீரன்!

அவனுடைய இந்தப் புத்தி ஒரு நீர்நாய்க்கு நன்றாகத் தெரியும். சும்மா தூண்டில் போட்டால் வாள்வாயன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஆகவே நீர்நாய் ஒரு செத்த மத்தியை எடுத்தது. தலையைச் சாய்வாக நறுக்கி, உடம்புக்குள் தூண்டில் முள்ளைச் செருகியது. கயிற்றில் பளபளக்கும் சிப்பி ஒன்றையும், இரை ஆழத்தில் போவதற்கு ஒரு கல்லையும் கட்டியது. பிறகு தெப்பத்தில் ஏறிக்கொண்டு, அதை இழுக்கக் கூழைக்கடாப் பறவையைப் பூட்டியது.

“ஓய், அவசரப்படாதே! வேகமாப் போனா இரை பம்பரமாச் சுத்தும். நீ நின்னுட்டா பொணமாத் தொங்கும். நொண்டுற மாதிரி வரணும், அவ்வளவுதான்” என்றது நீர்நாய்.

“எனக்கு என்ன பங்கு?” என்று கேட்டது கூழைக்கடா.

“வால் உனக்கு.”

“வால்ல என்ன இருக்கு?”

“சரி, தலையும் உனக்கு. இழு!”

தெப்பம் நகர்ந்தது. கீழே செத்த மத்தி சாய்ந்து சாய்ந்து உருண்டுகொண்டே வந்தது.

மின்னி அதைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன்னைப் போல் இன்னொருத்தி!

“அக்கா, கொஞ்சம் நில்லுங்க! நானும் உங்களை மாதிரிதான். ரெண்டு பேருமாச் சேர்ந்து போகலாம்.”

அக்கா நிற்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. மின்னி மூச்சு வாங்கப் பின்னால் போனாள். பாறையைத் தாண்டினார்கள். பாசிக்காட்டைத் தாண்டினார்கள். மின்னி அடிக்கடி நின்று இளைப்பாறினாள். அக்காவோ ஒரே சாய்வு, ஒரே சீர். ஒரு தடவையாவது களைக்க வேண்டுமே, ஊஹூம்!

மின்னி சட்டென்று நின்றாள். நொண்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? நொண்டினால் இளைக்கும். இளைத்தால் நிற்கத் தோன்றும். நிற்காமலே நொண்டுகிறது என்றால் அது உயிருள்ள மீனே இல்லை.

பயந்துபோய்த் திரும்பினாள். எதிரே வாள்வாயன், வாயைத் திறந்துகொண்டு!

“வா கண்ணு. காலையிலிருந்து பட்டினி” என்றான்.

ஓடித் தப்ப மின்னியின் வாலில் வலுவில்லை. ஒளிய ஒரு பாறையும் பக்கத்தில் இல்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் மூளை நடுங்கவில்லை.

“என்னைச் சாப்பிடுங்க அண்ணே. அதோ போறாளே ஒருத்தி, அவளை மட்டும் தொட்டுடாதீங்க.”

“எவ அவ?” என்று திரும்பினான் வாள்வாயன். தூரத்தில் பளபளவென்று ஒருத்தி நொண்டிக்கொண்டு போனாள். “அடேயப்பா, உன்னைவிடக் கொழுத்தவளா இருக்காளே!”

“வேண்டாம் அண்ணே. இவ்வளவு தூரம் நொண்டியும் அவ களைக்கவே இல்லை. அதுல ஏதோ சூது இருக்கு.”

வாள்வாயன் விழுந்து விழுந்து சிரித்தான். “உங்க அக்காவைக் காப்பாத்தப் பார்க்கிறியா? நீ எங்கே ஓடிடப் போறே? அவளை முடிச்சுட்டு வந்து உன்னைக் கவனிக்கிறேன்.”

மின்னி சொன்னதில் பொய்யே கிடையாது. ‘என்னைச் சாப்பிடுங்க’ என்றது மட்டும்தான் சும்மா. நிஜத்தைச் சொன்னால் வாள்வாயன் நம்பமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரே பாய்ச்சல். ஒரே கவ்வல். கயிறு விறைத்து நின்றது.

“மாட்டிக்கிட்டான்! இழு, இழு!” என்று மேலே நீர்நாய் குதித்தது.

வாள்வாயன் துள்ளினான், புரண்டான், தலையை உதறினான். முள் இன்னும் ஆழமாகத்தான் இறங்கியது. கடல் கீழே போக, அவன் மேலே போனான்.

“அடியே, இது சூதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று வாயில் முள்ளோடு கத்தினான்.

“சொன்னேனே அண்ணே” என்றாள் மின்னி. “உங்களுக்கு அவ நொண்டுறது மட்டும்தான் கண்ணுல பட்டுது.”

நீதி: பிறர் தளர்ச்சியில் இரை தேடுகிறவன், அதற்குள் தனக்காகக் காத்திருக்கும் முள்ளைக் காணமாட்டான்.