வழித்த வட்டில்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதவர்கள் மட்டும் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தக் கதைக்குரிய செங்கோடனே முதலில் தப்பாகத்தான் சொன்னான்.

திருச்செங்கோட்டுக்காரனான அவன் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் போர்வெல் வண்டி ஓட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தில் பாதையெல்லாம் சேறாகி வேலை நின்றது. கூட வேலைபார்க்கும் லான்சினே தன் ஊருக்கு வந்து சில நாள் தங்கும்படி அழைத்தான். முரசுக்கும் விருந்துக்கும் பேர்போன ஊர். அப்படிப்பட்ட ஊருக்குக் கூப்பிட்டால் மறுப்பதற்குச் செங்கோடன் என்ன சாமியாரா? கிளம்பிவிட்டான்.

ஊர் எல்லையிலேயே லான்சினேயின் உயிர்ச் சேக்காளி ஃபோதே முரசோடு காத்திருந்தான். ஆட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றி, விருந்தாளியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தபடி வீட்டு வாசல்வரை வந்தான். விருந்தாளி புறப்படும்போதும் வீட்டுக்காரர் அழைக்க, அதே முரசு எல்லைவரை வழியனுப்புவது அங்கே முறை. இத்தனை மரியாதையைச் செங்கோடன் தன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மத்தியானம் லான்சினேயின் மனைவி சரன் பெரிய வட்டில் நிறையச் சோறும் கடலைக் குழம்பும், நடுவில் கோழித்துண்டுமாகக் கொண்டுவந்து வைத்தாள். லான்சினே நாலு பிடி தின்றுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். செங்கோடனோ, ஒரு பருக்கை மிஞ்சினாலும் சமைத்தவளுக்கு அவமரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். வயிறு முட்டியும் விடாமல் வழித்துத் தின்று வெறும் வட்டிலை நீட்டினான். சரன் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். மறுநாள் சோறு இன்னும் கூடுதலாக வந்தது. அதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. அன்று சாயங்காலம் முரசுக்கு ஊரே ஆடியது. சரன் மட்டும் அழுகிற கைக்குழந்தையோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் காலையில் ஃபோதே செங்கோடனைத் தனியே அழைத்துப்போனான். அந்த ஊர்ப் பேச்சு செங்கோடனுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

"கோவிச்சுக்காதே. நீ வைக்கிற மிச்சத்தைத்தான் சரனும் பிள்ளைங்களும் சாப்பிடணும், இங்கே அதுதான் வழக்கம். பழைய நெல்லு தீர்ந்துபோச்சு, புதுக்கதிர் இன்னும் முத்தல. ஒரு நாளைக்கு ஒரு உலைதான். மூணு நாளா பிள்ளைங்க காட்டுப் பழத்தைத்தான் தின்னுதுங்க. சரனுக்குப் பால் வத்திப்போச்சு."

பக்கத்து வீட்டில் கையேந்தினால் புருஷனுக்கு விருந்து போட வக்கில்லை என்றாகிவிடும் என்று சரன் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாளே ஃபோதே லான்சினேயிடம் மன்றாடியிருக்கிறான். வந்தவன் வாய்க்கு அளவு சொல்கிறவன் வீட்டுக்காரனே இல்லை என்று அவன் மறுத்துவிட்டானாம்.

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று மத்தியானம் நாலு பிடியோடு வட்டிலை நகர்த்தினான். சரனும் பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் யார் சொல்லியிருப்பார் என்று லான்சினேக்குப் புரிந்துவிட்டது. ஃபோதே இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினான். செங்கோடன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான்.

"உனக்குத் தெரிஞ்ச பிறகு அது விருந்தே இல்ல," என்றுவிட்டான் லான்சினே.

மறுநாள் புறப்படும்போது முரசு அழைக்கப்படவில்லை. செங்கோடன் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தான். தன் வீட்டு வாசலில் ஃபோதே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். தன்னால் வந்த பிரிவை நினைத்துச் செங்கோடனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள். பசியை மறைத்த சரன், வீட்டு மானத்தைக் காத்த லான்சினே, விஷயத்தைப் போட்டுடைத்த ஃபோதே, இந்த மூவரில் செங்கோடனை உண்மையில் உபசரித்தவர் யார்?

விடை: ஃபோதேதான். லான்சினே தன் பங்கை மட்டுமா கொடுத்தான், பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துக் கொடுத்தான். சரனின் பசி அவளுடையது, ஆனால் வற்றிய பால் குழந்தையுடையது. தனக்கே உரிய ஒன்றை மட்டும் கொடுத்தவன் ஃபோதே ஒருவன்தான். கொடுத்தது தன் சேக்காளியை. லான்சினேதான் உபசரித்தான் என்று சாதித்துவந்த செங்கோடன் இந்த விடைக்கு வந்து சேர மழைக்காலம் முழுவதும் பிடித்தது. மழை விட்டதும் லான்சினே வேலைக்குத் திரும்பினான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஃபோதேயோடு பேசினாயா என்று கேட்கத்தான் செங்கோடனுக்கு இன்னும் வாய் வரவில்லை.