நேரத்துக்கொரு வைத்தியக் கூலி

ஏன், ராஜா காலத்துல கல்லு விழுந்தா காலு ஒடியாதா? இல்ல, ஒடிஞ்ச காலுக்கு வைத்தியக் கூலிதான் கிடையாதா? கொடுத்தாங்கடி! கோட்டை மதிலுக்குத்தானே கல்லு சுமந்தாங்க, அடிபட்டா ராஜாதானே பாக்கணும்? வல்லங்கோட்டை ராஜா அதுல தங்கமான மனுசன். வாயைத்தான் கட்ட மாட்டார். ஒரு தடவை முழு பலாப்பழத்தையும் ஒத்தையா உக்காந்து... சரி, அது வேற கதை.

வம்பு பண்ணது பிரதானி. கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவுன்னு வைத்தியருங்களுக்குக் கூலி போடுறது அவர் வேலை. போட்டா போட்டபடி இருக்கணுமா இல்லையா? விடிஞ்சா ஒரு கூலி, வெயில் ஏறினா வேற கூலி. மாத்துறப்பல்லாம் தண்டோரா. தெரியாம பழைய கூலியைக் கேட்ட வைத்தியருக்கு அபராதம்!

ஒச்சப்பன்னு கல்லு சுமக்கிறவன் ஒருத்தன். சாரம் சரிஞ்சு விழுந்து காலு ஒடிஞ்சு போச்சு. எலும்பு வைத்தியர் மாசிலாமணி அவனைக் கட்டில்ல கிடத்தி மூங்கில் பத்தையை வச்சுக் கட்டப் போறார், தூரத்துல டம்டம்!

"ஐயோ, மறுபடி மாத்திட்டாங்களே! என்ன கூலின்னு தெரியாம கட்டினா எனக்குல்ல அபராதம்? போன தடவை என் பசுவையே பிடிச்சுட்டுப் போனாங்க."

"யோவ் வைத்தியரே, வீங்குதுய்யா! அப்புறம் காலையே எடுக்கணும்பீரு!" ஒச்சப்பன் அலர்றான்.

அந்தப் பக்கமா வந்தார் அரமனை விகடகவி சோலையப்பன். ராஜாவையே மடக்குற வாய் அவருக்கு, பொண்டாட்டிகிட்ட மட்டும் எடுபடாது. ஒரு நாள் அவ புளிக்கொழம்பு வச்சுட்டு... சரி சரி, அங்க காலு வீங்குது, வரேன். சோலையப்பன் அந்தக் காலைப் பாத்தார். மனசு கேக்கல. பிரதானிகிட்டப் போய்க் கெஞ்சினா விடியாதுன்னும் அவருக்குத் தெரியும்.

"கட்டிலோட தூக்குங்கப்பா! தண்டோராக்காரன் பின்னாடியே போவோம். அவன் வாயிலதானே கூலி சுடச்சுட இருக்கு!"

முன்னால தண்டோரா. பின்னால கட்டில். பக்கத்துல பத்தையும் கையுமா வைத்தியர், ஓட்டமும் நடையுமா. சாமி புறப்பாடுன்னு நெனச்சு ஜனங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒரு அம்மா தேங்காயே உடைச்சுட்டா!

கூலியைக் காதுல வாங்கி வைத்தியர் கட்ட உக்காருறதுக்குள்ள அதுவும் மாறுற நேரம் வந்துருச்சு. அடுத்த மாத்தத்தைக் கேட்டுக்கத் தண்டோராக்காரன் அரமனைக்குத்தானே திரும்பணும்? கட்டிலும் சபைக்குள்ள போயிருச்சு.

"என்னய்யா சோலையப்பா இது?"ன்னார் ராஜா.

"இந்த நேரத்துக் கூலியைத் தொரத்திட்டு வந்தோம் மகாராஜா. அது தெரியாம வைத்தியர் காலைத் தொட மாட்டேங்குறார், போன தடவை அபராதம்னு அவர் பசுவையே பிடிச்சுட்டாங்களாம்."

பிரதானிக்கு மூக்கு வெடைச்சிருச்சு. "கஜானாவுக்கு மிச்சம் பண்ணத்தான் மாத்துறேன். கூடவே ஓடியாந்து தெரிஞ்சுக்கறது அவங்க பாடு!"

சோலையப்பன் பவ்யமா கும்பிட்டார்.

"அதான் மகாராஜா கோளாறு. இவனுக்குக் காலு ஒடிஞ்ச நேரம், வைத்தியக் கூலிக்குக் காலு முளைச்சிருச்சு. முதல்ல அந்தக் காலை ஒடிச்சுப் போடுங்க, இந்தக் காலு தானா கூடிரும்!"

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. "அடிபட்ட நேரத்துல என்ன கூலியோ, ஆறுற வரைக்கும் அதே கூலி! வைத்தியரே, இங்கயே கட்டும். பசுவும் உம்ம வீட்டுக்கு வந்துரும். பிரதானி, நீர் சும்மாதானே நிக்கிறீர்? அந்தக் காலை அசையாம பிடியும்!"

பிடிச்சாரே! சோலையப்பனுக்கு முத்துமாலை. அதைப் போட்டுக்கிட்டு அவர் தெருவுல வந்தப்ப... அடடா, தூறல் போடுது! ஏ செண்பகம், மாடியில காயுற வடகத்தை உள்ள எடுத்துட்டு வாடி!