உறை அறுந்த ராஜ்யம்

முன்னொரு காலத்தில் குறுந்தாளூர்ச் சீமையைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கட்டளையைப் போட்டுவிட்டு அப்புறம்தான் யோசிப்பான். சாப்பாட்டு விஷயத்தில் நாக்கும் கொஞ்சம் நீளம்.

அவனுக்குச் சமைத்துப் போட்டவன் தாண்டவன். அமைச்சர் பிச்சாண்டியார் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த ஆள். மிஞ்சிய வத்தக்குழம்பையும் கூட்டையும் மறுநாள் ஒன்றாகச் சேர்த்து, சுண்டச் சுண்டக் காய்ச்சி, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டு அவன் பரிமாறினால் ராஜா இலையை விட்டு எழுந்திருக்க மாட்டான். இதைப் பார்த்து வயிறெரிந்தவர் மருதவாணர். கருவூலத்துக்கு அதிகாரி. கோள் சொல்வதிலும் அவர்தான் பெரிய அதிகாரி.

ஒருநாள் ராஜா பலாச்சுளையைக் கணக்கில்லாமல் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருதவாணர் மெல்லப் பக்கத்தில் போனார்.

"மகாராஜா, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. தாங்கள் ஆசை ஆசையாகச் சாப்பிடும் குழம்பு நேற்று மிஞ்சியதாம். ஊசிப்போனதைத் தின்றால் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?"

அவ்வளவுதான். ராஜா குதித்தெழுந்தான். "இன்று முதல் என் நாட்டில் அடுப்பேறிய எந்தப் பண்டமும் அடுத்த நாளைப் பார்க்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் மிஞ்சியதை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். எடுத்துவைப்பவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

"மகாராஜா, ஒரு வார்த்தை..." என்றார் பிச்சாண்டியார்.

"அவன் உம்முடைய ஆள்தானே? பேசாமல் இரும்."

சேவகர்கள் வீடு வீடாகப் போய்ப் பானைகளைத் திறந்து பார்த்தார்கள். மருதவாணர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பெரிய மனிதர் வீட்டு அடுக்களைக்குள் யார் நுழைவது? ஏர் பிடிக்கப் போனவர்கள் பழையது இல்லாமல் வெறும் வயிற்றோடு போனார்கள். பெண்கள் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டார்கள். ராஜாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மறுநாள் சாப்பாட்டில் தயிர் இல்லை.

"தயிர் எங்கே?"

"உறை இல்லை, மகாராஜா" என்றான் தாண்டவன்.

"உறையாவது மண்ணாவது. மாடு பால் தருகிறது. நீ தயிர் தர முடியாதா?"

பாவம், ராஜா அடுக்களைப் பக்கமே போனவனல்ல. பால் தானாகவே தயிராகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். தாண்டவன் எலுமிச்சை பிழிந்து பார்த்தான். பால் திரிந்ததே தவிரத் தோயவில்லை. மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தான். கோழை மாதிரி நூல் இழுத்தது. ராஜா தூவென்று துப்பிவிட்டு, "நாளைக்குத் தயிர் வரவில்லை என்றால் மூட்டையைக் கட்டு" என்று சொல்லிவிட்டான்.

தாண்டவன் அமைச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஐயா, வீட்டில் அவளுக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் எந்த ஊர் எல்லையில் போய் உட்காருவேன்? கட்டளையால் வந்த வினை இது என்று நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நாம் சொன்னால் ராஜாவுக்குக் கோபம் வரும். அவராகவே கண்டுபிடித்தால் சிரிப்பு வரும். போய் நிம்மதியாகத் தூங்கு. இன்று சபையில் மருதவாணர் விட்ட ஏப்பத்தில் மோர் வாசனை அடித்தது" என்றார் பிச்சாண்டியார்.

காலையில் அவர் ராஜாவிடம் போனார். "மகாராஜா, தாண்டவனை விரட்டினால் தயிர் வந்துவிடாது. நல்ல தயிர் கொண்டுவருபவருக்குத் தங்கள் முத்துமாலை என்று அறிவியுங்கள்."

பறையறைந்தார்கள். ஊரில் ஒருவர்கூட வரவில்லை. மதியம் மருதவாணர் மட்டும் வெள்ளிக் கிண்ணத்தோடு கம்பீரமாக வந்தார். ராஜா ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆகா, கத்தியால் வெட்டலாம் போலிருக்கிறதே" என்று பிச்சாண்டியாரும் எட்டிப் பார்த்தார். "ஓய் மருதவாணரே, யார் வீட்டில் இரவல் வாங்கினீர்?"

மருதவாணருக்குச் சுருக்கென்றது. "இரவலா? என் வீட்டிலா? என் தாயார் கல்யாணமாகி வந்தபோது தூக்குச் சட்டியில் கொண்டுவந்த உறை ஐயா அது. அன்று தொட்டு ஒரு நாள்கூட அறுந்ததில்லை. ஊரே எங்கள் வீட்டில்தான் வாங்கும்."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"மகாராஜா கட்டளை போட்ட அன்று இரவும் அறுக்கவில்லையா?"

மருதவாணர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அது என்ன உறை உறை என்கிறீர்கள்?" என்றான் ராஜா.

"நேற்று மிஞ்சிய தயிரில் ஒரு கரண்டி, மகாராஜா. அதை இன்றைய பாலில் விட்டால்தான் நாளைக்குத் தயிர். தங்கள் நாட்டில் அதைக் கொட்டாத வீடு ஒன்றே ஒன்றுதான்."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தான். ஓரமாக நின்ற தாண்டவனைப் பார்த்தான். கட்டளை போட்ட தன் வாயையும் நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது. சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தான். சபையே அப்போதுதான் மூச்சு விட்டது.

"கட்டளைப்படி இவரை நாட்டை விட்டுத் துரத்த வேண்டும்" என்றான். மருதவாணர் தடாலென்று காலில் விழுந்தார். "ஆனால் இவர் போனால் உறையும் கூடவே போய்விடும். கட்டளையை எடுத்துவிட்டேன். மருதவாணரே, சாயங்காலம் உம் வீட்டு வாசலில் கரண்டியோடு நில்லும். கேட்பவர்களுக்கெல்லாம் உம் கையாலேயே உறை ஊற்றும். முத்துமாலை பிச்சாண்டியாருக்கு. தாண்டவா, நீ எங்கேயும் போக வேண்டாம். மிஞ்சியதைச் சுண்டக் காய்ச்சு."

தாண்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கட்டிவைத்திருந்த மூட்டையை அவன் மனைவி அவிழ்த்தாள். முதல் கிண்ணத்தோடு அவளைத்தான் மருதவாணர் வாசலுக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பின்னால் தெருக்கோடி வரை பெண்கள் நின்றார்கள். மனிதருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அந்தச் சீமையில் இன்றைக்கும் தயிர் கொஞ்சம் புளித்துப் போனால் யாரும் கொட்டுவதில்லை. "மருதவாணர் வீட்டு வம்சம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோராகக் கடைந்துவிடுகிறார்கள்.