சாமிக்குச் சோறு போடாத வீடு

"சாமி, என் பெண்டாட்டியை அவ அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன். உத்தரவு வேணும்."

தளவாய் கைகட்டி நின்றார். ஐம்பது தாண்டியவர். கடைவீதியில் இரும்புக்கடை.

சாமி மடத்துக் கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆவுடை என்ன செஞ்சா?"

"என் அப்பாவுக்குச் சோறு போடறதில்ல."

"யார் சொன்னது?"

"அப்பாதான். வாசல்ல நின்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்றாரு. தெருவே காறித் துப்புது. தலைகாட்ட முடியல சாமி."

"அவருக்கு மறதி நோய்னீரே."

"மறதி பேருக்கும் நாளுக்கும்தானே? என்னையே யாருன்னு கேக்காரு, சரி. பசிச்ச வயிறு மறக்குமா? அதோட எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு. ஊருக்கே தெரியும்."

"ஆவுடை என்ன சொல்றா?"

தளவாய் விழித்தார்.

"அவகிட்ட என்னத்தைக் கேக்க?"

சாமி வேட்டியை முறுக்கிப் பிழிந்தார்.

"நாளைக்கு மத்தியானம் உம்ம வீட்டுக்குப் பிட்சைக்கு வாரேன். நீரும் இரும். அனுப்புறதை அப்புறம் பாப்போம்."

மறுநாள் தளவாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாடு அவருக்குக் கடைக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்பதே அவருக்குப் புதிது.

அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆவுடை இலை போட்டாள். சாமி வெளுத்துக்கட்டினார். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று தனித்தனியாகச் சோறு வாங்கினார். அவியலை வழித்து நக்கினார். இலையை மூடினார். கை கழுவினார்.

விறுவிறுவென்று தெருவில் இறங்கினார்.

"இந்த வீட்டுல எனக்குச் சோறு போடல!"

குரல் தெருமுனை வரை போனது.

கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு வேலம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமனாரைப் பட்டினி போட்டது பத்தாதுன்னு சாமியையுமா? இவல்லாம் ஒரு பொம்பளையா?"

தளவாய் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"சாமி! இப்பத்தானே சாப்பிட்டீங்க! நான் பக்கத்துல இருந்து பாத்தேனே!"

"போடல."

"ஏப்பம் விட்டுக்கிட்டே சொல்றீங்களே!"

"போடலன்னா போடல."

வேலம்மாள் குறுக்கே வந்தாள். "ஏன் அண்ணாச்சி, சாமி பொய் சொல்லுமா?"

"சொல்லுதே! எச்சில் இலை கிடக்கு, வந்து பாரு! காலையிலேருந்து அடுப்புல வெந்தவ அவ. பாத்துப் பாத்துப் போட்டா. அவளைப் போய் நடுத்தெருவுல வச்சு..."

வீட்டுப் பக்கம் திரும்பினார்.

வாசற்படியில் ஆவுடை நின்றிருந்தாள். அவரையே பார்த்தாள். தெருவில் அவர் தனக்காக வாய் திறந்து அவள் இதுவரை கேட்டதில்லை.

இப்போதும் அவளுக்காகத்தானா, வீட்டு மானத்துக்காகவா? தளவாய்க்கே தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்பாவுக்கும்..." என்று இழுத்தார். "தினமும் போட்டியா?"

"நீங்க இதைக் கேக்க ஒரு சாமி வரவேண்டியிருக்கு."

சாமி எங்கோ பார்த்துக்கொண்டு பல் குத்தினார்.

"நீ எங்கயும் போகவேண்டாம் ஆவுடை."

"போகத்தான் போறேன். நீங்க அனுப்பி இல்ல, நானாத்தான். விடிய விடியக் கதவைத் திறந்துக்கிட்டு ஓடுறாரு மாமா. நான் பின்னாலயே ஓடுறேன். எங்க அண்ணன் வீட்டுல கால் நீட்டித் தூங்கணும். தூக்கம் தீர்ந்ததும் வாரேன்."

உள்ளே போனாள். ஒரு பையோடு வந்தாள். வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டாள்.

ஆவுடை தெருமுனை திரும்பினாள்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு அங்க? நேத்துலேருந்து பட்டினி கிடக்கேன். ஒரு வாய் சோறு குடுக்க ஆள் இல்லையா?"

தளவாய் சாமியைப் பார்த்தார்.

"என்னை என்னத்துக்குப் பாக்கீர்? சோறு பானையில மிச்சம் இருக்கு, போய்ப் போடும். உம்ம அப்பா சாப்பிடுற தட்டு எதுன்னு தெரியுமா ஓய்?"