பிராசஸில் இருந்த வாத்தியார்

“சாமி, காத்திருக்கிறவன் என்ன செய்யணும்?” என்று கேட்டார் திரவியம்.

“வெங்காயம் உரிக்கணும்” என்றார் சாமி.

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைத் திரவியத்தின் முன்னால் தள்ளினார். கத்தியையும் எடுத்துக் கையில் கொடுத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மடத்தில் மத்தியானம் அன்னதானம் உண்டு.

திரவியம் உள்ளூர்த் தனியார் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் அறிவியல் எடுத்தவர். மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் வந்தபடியே நிற்கிறார். சான்றிதழ்களுக்கெல்லாம் முத்திரை வாங்கியாயிற்று. போலீஸ் சான்று வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. அங்கேயிருந்து வரவேண்டிய வேலை விசா மட்டும் வரவில்லை. ஏஜெண்டுக்குப் போன் போட்டால், “பிராசஸ்ல இருக்கு சார்” என்பார். பங்குனியிலும் பிராசஸில் இருந்தது, ஆடியிலும் பிராசஸில்தான் இருக்கிறது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், விசா வருவதற்கு முன்னாலேயே வழியனுப்பு விழா முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து, கண்ணீர் மல்கப் பேசினார்கள். மச்சினன் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டான். நிஜத் திரவியத்தைவிட நல்ல வெளுப்பான ஒரு திரவியம் அதில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே ஒரு விமானம். அதை எடுத்துவிடச் சொன்னால், “கிளம்புற அன்னைக்கு எடுத்துக்கலாம் அத்தான்” என்கிறான்.

அந்தப் பிளெக்ஸைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். தாண்டுகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், “என்ன சார், இன்னும் கிளம்பலியா?” என்று கேட்பார். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எதிரே வருகிறவரிடம் ஏதாவது கேட்க வேண்டும், அதைக் கேட்கிறார்கள். திரவியத்துக்கோ ஒவ்வொரு கேள்வியும் சுருக்கென்று குத்தியது. குளத்தங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நல்ல சட்டையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. கட்டிவைத்த பெட்டியைத் திறக்க மனசு வரவில்லை. வெளியே மிஞ்சிய ஒன்றிரண்டு பழைய சட்டைகளையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு அலைந்தார். “ஒரு சட்டையை எடுத்தா பிளேன் ஓடியா போயிரும்?” என்று மனைவி கோமு கேட்டுப் பார்த்தாள். அவர் அதே பழைய சட்டையை மறுபடியும் கொடியில் காயப்போட்டார்.

ஆக, அவர் நிம்மதியாக உட்கார இருந்த ஒரே இடம் இந்த மடம்தான்.

மடத்துச் சாமிக்கும் திரவியத்துக்கும் ஒரே வயது. கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அப்போது சாமிக்குப் பெயர் பலவேசம். கூடப் படித்தவனிடம் போய்ச் சிஷ்யனாக உட்காருவது லேசான காரியமில்லை. திரவியம் உட்கார்ந்தார். அப்பா தவறிய வருஷம், தூக்கம் பிடிக்காமல் தவித்தபோது இங்கே வந்து சும்மா இருந்துவிட்டுப் போவார், தூக்கம் வந்தது. அன்றிலிருந்து ‘வாங்க சாமி, சொல்லுங்க சாமி’தான். சாமி மட்டும் பழைய ‘டே’யை விடவில்லை.

வெங்காயம் கண்ணைக் கரித்தது. திரவியம் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“எப்ப வரும் சாமி?”

“எது?”

“விசாதான்.”

“எனக்கு எப்படிடே தெரியும்? நான் என்ன ஏஜெண்டா?”

சாமியும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார். பிறகு சாமி சொன்னார்.

“சாயங்காலம் ஒம்பது, பத்து படிக்கிற பிள்ளைங்க இங்க வருதுல்லா? சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த தம்பிக்கு வேலை கெடைச்சுப் போயிட்டான். சும்மா உக்காந்து எந்திரிச்சுப் போகுதுங்க. நீ எடேன்.”

“அதெப்படி சாமி? இன்னைக்கோ நாளைக்கோ விசா வந்துரும். ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டா பிள்ளைங்க பாவம்லா?”

“ஆமா, பாவம்தான்.”

சாமி இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று திரவியம் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது. அதை வெளியில் சொல்ல முடியுமா? உரித்தார்.

மத்தியானம் பந்தி போட்டார்கள். திரவியமும் ஓர் இலையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து வேலை பார்த்ததில் நல்ல பசி. உப்பு வந்தது, பொரியல் வந்தது, சோறு வந்தது. சாம்பார் வாளியை சாமியே தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவர், திரவியத்தின் இலைக்கு முன்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“ஊத்துங்க சாமி.”

“பாயசம் இன்னும் இறக்கலை.”

“அது இறக்கும்போது இறக்கட்டும். சாம்பாரை ஊத்துங்க.”

“அதெப்படி? பாயசம் திரிஞ்சு போச்சுன்னா? ஆரம்பிச்சுட்டுப் பாதியில நின்னா நீ பாவம்லா?”

சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்து இலைக்காரர் பிசைந்து ஒரு வாய் உள்ளே தள்ளிவிட்டார். திரவியத்துக்கு அந்தக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை.

“டேய் பலவேசம், ஊத்துடா சாம்பாரை!”

பந்தி மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. திரவியம் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் திரவியம் சாமியைப் பிடித்தார்.

“புரியுது சாமி. நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு புரியுது. ஆனா விஷயம் அது இல்ல.”

“பிறகு எது?”

திரவியம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கை கழுவி முடிந்து வெகு நேரமாகியும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“இங்க பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா, நான் போகலைன்னு ஆயிரும்.”

“யாருக்கு?”

“ஊருக்கு.”

சாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும்தான் சாமி. இத்தனை பேர் பொன்னாடை போர்த்தி அனுப்பி வச்சாங்க. மறுபடியும் சாக்பீசைக் கையில எடுத்தேன்னா, போகாமலே திரும்பி வந்த மாதிரி ஆயிரும். அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

நடுவயசு மனுஷன் ஒருவர் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுவது பார்க்கச் சகிக்காத காட்சிதான். ஆனால் அழுகை வந்தது, அழுதார்.

சாமி அவர் அழுது முடிக்கும்வரை நின்றார்.

“குழாயை மூடு. தண்ணி போகுது.”

திரவியம் மூடினார்.

“பாத்திரம் தேய்க்க ஆள் வரலை. இருந்து தேச்சுக் கொடுத்துட்டுப் போ.”

சாயங்காலம்வரை தேய்த்தார். கோபத்தில் தேய்த்ததாலோ என்னவோ, கரண்டிகளெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. அதற்குள் பிள்ளைகள் வந்து கூடத்தில் உட்கார்ந்து கத்தத் தொடங்கியிருந்தார்கள். செல்லக்கனி என்று ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி உருப்போட்டாள். “குழி ஆடியில் தோன்றும் தலைகீழ் பிம்பம்... குழி ஆடியில் தோன்றும் தலைகீழ் பிம்பம்...”

நாலைந்து தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அதற்கு மேல் முடியவில்லை.

“ஏ பிள்ளே, குழி ஆடியைப் பாத்திருக்கியா?”

“இல்ல சார். புக்குல படம் போட்டிருக்கு.”

திரவியம் கையிலிருந்த கரண்டியைத் துண்டால் துடைத்து நீட்டினார்.

“இதுக்கு உள்பக்கம் பாரு. என்ன தெரியுது?”

செல்லக்கனி பார்த்தாள். கரண்டியைத் திருப்பினாள், தலையைத் திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

“சார்! நான் தலைகீழா இருக்கேன்!”

“இப்ப பின்பக்கம் பாரு.”

“நேரா இருக்கேன். ஆனா குட்டியா ஆயிட்டேன்.”

அவ்வளவுதான். மடத்துக் கரண்டி ஒன்று பாக்கியில்லாமல் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. ஏன், எப்படி, கிட்டக் கொண்டுபோனால் என்ன ஆகும், தூரக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி. யாரோ சாக்பீஸ் ஒன்றை நீட்டினார்கள். வாங்கினவர் யார் நீட்டியது என்றுகூடக் கவனிக்கவில்லை. சாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். கல்லூரியிலும் பௌதிக வகுப்பில் அவர் அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் திரவியம் கோமுவிடம், “ஒரு நல்ல சட்டை இருந்தா எடுத்துக் கொடு. பிள்ளைங்க முன்னால நிக்கணும்” என்றார். கோமு உடனே பெட்டியைத் திறந்தாள்.

நேரமாகிவிட்டதால் நேர் வழியிலேயே நடந்தார். பிளெக்ஸுக்குக் கீழே யாரோ, “சார், இன்னும் கிளம்பலியா?” என்று கேட்டார்கள். “பிராசஸ்ல இருக்கு” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். மடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்தக் கேள்வி இன்றைக்குக் குத்தவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. குழி ஆடிப் பாடத்தை முடித்து லென்சுக்குப் போனார். பிள்ளைகள் வீட்டிலிருந்த மூக்குக்கண்ணாடிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏஜெண்டுக்குப் போன் போடுவது குறைந்தது. ஒருநாள் போடவே மறந்துபோனார்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், கண்ணின் படத்தைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

“சார், போன் அடிக்குது.”

“அடிக்கட்டும்.”

மறுபடியும் அடித்தது. அணைத்துவிட்டு வரைந்தார். பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகுதான் எடுத்துப் பார்த்தார். ஏஜெண்ட். திருப்பிக் கூப்பிட்டார், விசா வந்துவிட்டதாம். டிக்கெட்டும் போட்டாயிற்று. நாளை மறுநாள் கிளம்ப வேண்டும்.

திரவியத்துக்கு மனசு துள்ளியது. அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை மாதம் இதற்காகத்தானே செத்துப் பிழைத்தார்? வீட்டுக்குப் போன் போட்டு, “கோமு, வந்துட்டுடி!” என்று கத்தினார். அந்தப் பக்கம் அவள் சந்தோஷத்தில் அழுதாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பலகையில் கண் படம், அரையும் குறையுமாக.

உடனே ஏஜெண்டை மறுபடியும் கூப்பிட்டு, ஒரு பத்து நாள் தள்ளிப் போக முடியுமா என்று கேட்டார்.

“சார், வெளையாடுதியளா?” என்றார் ஏஜெண்ட். அதற்கப்புறம் அவர் பேசினதை எல்லாம் எழுத முடியாது.

திரவியம் சாமியிடம் போனார். பிள்ளைகள் உட்கார்ந்த பாய்களை சாமி சுருட்டிக்கொண்டிருந்தார்.

“விசா வந்துட்டு சாமி.”

“சந்தோஷம்டே.”

“நாளை மறுநாள் போகணுமாம். தள்ள முடியாதுங்காங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்த சயின்ஸ் சார் திடுதிப்புன்னு ஊருக்குக் கிளம்பிப் போயிட்டாராம். வருஷ நடுவுல பிள்ளைங்க வெறும் போர்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம். உடனே ஆள் வேணுமாம்.”

“போயிட்டு வா.”

“அன்னைக்கே சொன்னேம்லா சாமி?” திரவியத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இப்ப பாருங்க. கண்ணு பாடம் அப்படியே நிக்குது. அடுத்து விழித்திரை சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். அந்தச் செல்லக்கனி, சார் நாளைக்கு எங்க தாத்தா கண்ணாடியைக் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போறா. அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? மிச்சத்தை யாரு எடுப்பா இந்தப் பிள்ளைங்களுக்கு?”

சாமி கடைசிப் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தார். அவருக்கும் வருத்தம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. திரும்பி வந்து சிநேகிதனின் தோளில் கை வைத்தார்.

“அங்க போயி நீ எடுக்கப் போறது யாரு விட்ட மிச்சம்டே?”