ஒன்பதாம் எண்

"முதல்ல கண்ணாடி," என்றார் முதலாளி.

தை மாதம் ஏர்போர்ட்டில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, டிரைவர் வெள்ளிங்கிரி பக்கக் கண்ணாடியில் கீறல் விழ வைத்தான்.

இரண்டாவது, மாசியில் எட்டு நிமிடம் தாமதமாக வந்தான்.

மூன்றாவது, பங்குனியில் மகளுக்குக் காதுகுத்து என்று லீவு கேட்டான். அன்றைக்கு முதலாளிக்குப் பந்தயப் பயிற்சி.

நான்காவது, வைகாசியில், மணி மூன்றாகியும் தான் இன்னும் சாப்பிடவில்லை என்பதை விருந்தாளிகளின் காதில் விழும்படி சொன்னான்.

ஐந்தாவது, ஆடியில் சிவப்புக் காரைத் துடைக்கச் சொன்னால், உள்ளே உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டான்.

ஆறாவது, போன புதன்கிழமை, மாராத்தாளின் கால்.

மாதம் பிசகவில்லை, வரிசை மாறவில்லை. தொழிலாளியின் தவறுகளை நினைவில் வைத்திருப்பதில் முதலாளிகளை மிஞ்ச ஆள் கிடையாது.

கேட்டுக்கொண்டிருந்தவர் அமலோற்பவம். பந்தயத் தளத்தின் பின்பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பந்தயக் கார்களைப் பழுது பார்ப்பதும், அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை. அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஐம்பத்தெட்டு வயது முதலாளி மூன்று வருடமாக அவரிடம் மாணவர். அங்கே எல்லோருக்கும் அந்தப் பெண்தான் மாஸ்டர்.

"எந்தக் கால்?" என்று கேட்டார் மாஸ்டர்.

முதலாளிக்குத் தெரியவில்லை.

ஏதோ ஒரு கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்றார்.

மாஸ்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். மாராத்தாள் முதலாளியின் பம்ப் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர். புதன்கிழமை காலை கம்பெனிக்கு லாரி வந்தது. முதலாளியின் சிவப்புப் பந்தயக் கார் வழியில் நின்றது. அதை ஷெட்டுக்குள் விடும்படி முதலாளி மாடியிலிருந்து கையைக் காட்டினார். ஷெட் வாசலில் ஒரு சின்ன மேடு உண்டு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டால்தான் வண்டி ஏறும். வெள்ளிங்கிரி அந்தக் காரை அந்த மேட்டில் நூறு தடவை ஏற்றியிருக்கிறார். அன்றைக்கு உள்சுவர் ஓரமாக மாராத்தாள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

கார் ஏறவில்லை. பாய்ந்தது.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா மாஸ்டர்? 'தொட்டுத்தானுங்க வெச்சேன்'கறான். ஒரு வாரமா அதே பாட்டு."

பிரேக்கைப் பார்த்தாயிற்று, டயரைப் பார்த்தாயிற்று, அதிகாரி வந்து எழுதிக்கொண்டும் போயாயிற்று என்றார் முதலாளி. வண்டியில் பழுது இல்லை. பழுது வண்டியில் இல்லையென்றால் ஓட்டியவன் காலில்தானே இருக்க வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. தீர்ப்புத் தாள் டைப் ஆகிவிட்டது. வெள்ளிங்கிரிக்கு வேலை போகும். கம்பெனி யார் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பெயர்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும். அதோடு லைசென்ஸ் போகும். இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்தவர். ஜெயிலுக்கும் போகலாம்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. தபாலில் காகிதம் அனுப்பி எவரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. முதலாளியே எழுந்து நின்று, குற்றவாளியின் பெயரை உரக்க வாசிக்க வேண்டும். சங்கத்தின் தரப்பில் ஒருவர், நிர்வாகத்தின் தரப்பில் ஒருவர், இரண்டு சாட்சிகள் அதைக் காதால் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்து தொழிலாளர்கள் வாங்கிய உரிமை அது. ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிப்பவன் அவன் முகத்தைப் பார்த்துப் பறிக்கட்டும் என்றுதான் கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

முதலாளி அதைப் பற்றிப் பேச வரவில்லை. அவர் வந்த காரியம் வேறு.

"ஞாயித்துக்கிழமை பந்தயம் இருக்குது மாஸ்டர். கார் இன்னும் யோசிக்குது."

"யோசிக்குதா?"

"நான் மிதிக்கறேன். அது ஒரு கணம் யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. அந்த ஒரு கணம் எனக்கு வேண்டாம். நான் நெனச்சதும் அது போகோணும்."

"அதுக்குத்தானே பெட்டி மாட்டினோம்."

மாட்டியிருந்தார்கள். ஆனியில் மாஸ்டரே தன் கையால் மாட்டியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. பெடலுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அந்த மாதிரிக் கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பி கிடையாது. இவ்வளவு மிதித்தார்கள் என்று பெடல் ஒரு சேதி அனுப்பும். காரின் கம்ப்யூட்டர் அதைப் படித்து எஞ்சினைத் திறந்துவிடும். பெட்டி நடுவில் உட்கார்ந்து அந்தச் சேதியைத் திருத்தும். கால் பங்கு மிதித்தால் அரைப் பங்கு என்று சொல்லும். எஞ்சினுக்கு அதனால் ஒரு குதிரை சக்திகூடக் கூடுவதில்லை. கேட்பதை மட்டும் பெட்டி பெரிதாக்கிக் கேட்கும்.

எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் உண்டு. எண்ணை செல்போனிலேயே மாற்றிக்கொள்ளலாம். மாஸ்டர் மூன்றில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"இப்ப எதுல வெச்சிருக்கறீங்க?"

"ஒம்பதுல."

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் சித்திக் தலை நிமிராமலே சொன்னான்: "ஒம்பதுலயா? பெடல் மேல எறும்பு ஏறுனாலும் வண்டி கிளம்பிருமுங்களே முதலாளி."

முதலாளி சிரித்தார். அவருக்கு அது பாராட்டாகப் பட்டது.

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"எப்ப மாத்துனீங்க?"

போன வாரம் திங்கட்கிழமை ராத்திரி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மோருக்குக் காத்திருந்த நேரத்தில் மாற்றியதாகச் சொன்னார். மறுநாள் செவ்வாய்க்கிழமை தானே ஓட்டிப் பார்த்தாராம். முதல் தொடலில் தலை பின்னால் போய் சீட்டில் இடித்ததாம். பிறகு பழகிவிட்டதாம்.

"திங்கக்கிழமை," என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"மாராத்தா புதன்கிழமை."

"ஆமா. அதுக்கென்ன?"

சித்திக் டயரை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

மாஸ்டர் அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது. தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"மாட்டுனவ நான்," என்றார். "போன்ல மாத்தலாம்னு சொல்லிக் குடுத்ததும் நான். வண்டிய வேற யாரு தொடுவாங்கன்னு நான் கேக்கலை."

முதலாளிக்குப் புரியவில்லை. ஓட்டுகிறவன் ஓட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். மேட்டில் ஒரு காரை மெதுவாக ஏற்றுவதற்கு ஒரு டிரைவருக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்றும் கேட்டார். அவன் கால் ஒழுங்காக இருந்திருந்தால், எண் ஒன்பதானால் என்ன, மூன்றானால் என்ன.

"அப்படீங்களா," என்றார் மாஸ்டர்.

எழுந்தார். ஒர்க்‌ஷாப்பின் கடைசிச் சுவருக்கு முன்னால் காங்கிரீட் சரிவு ஒன்று உண்டு. மேலே ஏறியதும் சுவர். முதலாளியின் சிவப்புக் காரைச் சரிவின் அடியில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். முதலாளி நிறுத்தினார். பாடம் என்று நினைத்தார்.

மாஸ்டர் சரிவில் ஏறினார். காருக்கும் சுவருக்கும் நடுவே போய், முதுகைக் காருக்குக் காட்டி, தரையைப் பார்த்துக் குனிந்தார்.

ஒரு கை தரையைத் தொட்டது.

"ஒரு முழம் முன்னாடி வாங்க," என்றார். "மெதுவா."

சித்திக் ஓடிவந்தான். மாஸ்டர் குனிந்தபடியே வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒர்க்‌ஷாப்பில் இருந்த மற்ற இரண்டு பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள்.

முதலாளியின் வலது கால் பிரேக்கில் இருந்தது. ஆக்சிலரேட்டருக்கு வர வேண்டும். அது வரவில்லை.

"மாஸ்டர், வெளையாடாதீங்க."

"உங்க கால் ஒழுங்கான காலுதானுங்களே. வாங்க."

"தள்ளி நில்லுங்க."

"அவ தள்ளி நிக்கலீங்க. பெருக்கிட்டிருந்தா."

முதலாளியின் நெற்றியில் வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க மாஸ்டர்," என்றார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். "முதல்ல இத ஒண்ணுக்கு எறக்கிடறேன். அப்புறம் வர்றேன்."

மாஸ்டர் நிமிர்ந்தார். திரும்பினார்.

"வெள்ளிங்கிரி கையில அந்த போன் இருந்துச்சுங்களா?"

செல்போன் முதலாளியின் கையில் இருந்தது. எண் இன்னும் ஒன்பது. அதை மாற்ற வேண்டிய விரல் அப்படியே நின்றது.

அவர் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்தார். ஆனால் இறங்கவில்லை. ஒரு காலை வெளியே வைத்து, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுத்தான் வெச்சிருக்கான்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு அவர் குரல் மாறியது. வழி ஒன்று கண்டுபிடித்த குரல். வெள்ளிங்கிரியை மன்னித்துவிடுகிறேன் என்றார். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், வேலையில் வைத்துக்கொள்ளலாம், விபத்து என்று எழுதிவிடலாம்.

"எதுக்கு மன்னிக்கறீங்க?" என்றார் மாஸ்டர்.

முதலாளி செல்போனைப் பைக்குள் போட்டார்.

"ஒரு காலு போயிருக்குது. தானாப் போகலை. தாள்ல ஒரு பேரு வரோணும். மாட்டுனது நான், ஒம்பதுல வெச்சது நீங்க. முதல் பேரு என்னோடதுதான்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லி அனுப்புங்க, வந்து கையெழுத்துப் போடறேன். யோசிச்சுட்டுப் போங்க. நாலு மணிக்கு நேரம் இருக்குது."

முதலாளி காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மெயின் ரோடு வரை நடந்து போய் ஆட்டோ பிடித்ததாகச் சித்திக் பிறகு சொன்னான்.

நான்கு மணிக்குக் கம்பெனியின் பெரிய அறையில் எல்லோரும் இருந்தார்கள். வெள்ளிங்கிரி கதவோரம் நின்றார். ஒரு வாரமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கிய சட்டை. சங்கத்தின் சாட்சி லேத் ஓட்டும் நஞ்சப்பன். நிர்வாகத்தின் சாட்சி ஸ்டோர் கீப்பர். இருவர் முன்னாலும் பேனா இருந்தது. நஞ்சப்பன் மூடியைக் கழற்றவில்லை. வாசித்த பிறகு கழற்றினால் போதும் என்பது அவர் எண்ணம்.

மானேஜர் டைப் செய்த தாளை நீட்டினார். முதலாளி எழுந்தார்.

நாள், நேரம், இடம் வாசித்தார். காயம்பட்டவர் மாராத்தாள், வயது நாற்பத்தாறு என்று வாசித்தார். அங்கே நிறுத்தி, எந்தக் கால் என்று கேட்டார்.

யாரிடம் கேட்கிறார் என்று எவருக்கும் தெரியவில்லை.

"எடதுங்க," என்றார் வெள்ளிங்கிரி.

"இடது கால்," என்று முதலாளி தாளில் இல்லாததைச் சேர்த்து வாசித்தார்.

அடுத்த வரி, சம்பவத்துக்குப் பொறுப்பானவர். அதற்குப் பக்கத்தில் பெயர் டைப் ஆகியிருந்தது.

முதலாளி வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வரி தவறிவிட்டது என்று நினைத்த மானேஜர், எட்டி, அந்தப் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

முதலாளி அந்த விரலைப் பார்க்கவில்லை. வெள்ளிங்கிரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"பொறுப்பானவர், செங்கோடன் மகன் அர்த்தநாரி. வயது ஐம்பத்தெட்டு. இந்தக் கம்பெனியின் முதலாளி."

நஞ்சப்பனுக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் பேனா மூடியில் வைத்த கை நகரவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார்.

"அர்த்தநாரி."