தன் தண்டனையை முரசறைந்தவன்

ராஜா இருந்தார், மந்திரிகள் இருந்தார்கள், ஏரி இருந்தது, மழையும் பெய்தது. முன்னொரு காலத்தில் அப்படி ஒரு நாடு. அந்த நாட்டில் இல்லாமல் போனது ஒன்றுதான். எந்தக் கெடுதல் நடந்தாலும் அதைச் செய்தவன் என்று ஒருவனும் இருக்கமாட்டான். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், கேளுங்கள். வரிசையைக் கலைத்துச் சொல்வது அரண்மனைக்காரர்களின் பழக்கம், நமக்கு அது வேண்டாம்.

முதலாவது, பஞ்சத்துக்கென்று ஊரார் சேர்த்து வைத்த களஞ்சியம் காலியானது. பூட்டு உடையவில்லை, சுவர் இடியவில்லை, நெல் மட்டும் இல்லை. மேலிடத்து உத்தரவு என்றது முரசு. ஊர் பட்டினி கிடந்தது.

இரண்டாவது, சாலை போடப் போகிறோம் என்று வீட்டுக்கொரு உழவு மாட்டைப் பிடித்துப் போனார்கள். சாலையும் வரவில்லை, மாடும் திரும்பவில்லை. மேலிடத்து உத்தரவு என்றது முரசு. ஏரைத் தோளில் கட்டி இழுத்தார்கள் மனிதர்கள்.

மூன்றாவது, உப்பு விற்கும் எயினன் சந்தை நடுவில் நின்று, அந்த மேலிடம் எந்த ஊர்க்காரன், யார் பெற்ற பிள்ளை என்று உரக்கக் கேட்டான். மறுநாள் அவனுடைய உப்பு மூட்டை சந்தையில் இருந்தது, அவன் இல்லை. மழையில் நனைந்து அந்த மூட்டை கரைந்து தீரும்வரை யாரும் அதைத் தொடவில்லை. அதைப் பற்றி முரசு ஒன்றுமே சொல்லவில்லை.

ஒரு நாடு எப்படி இப்படி ஆனது என்று கேட்பீர்கள். மரியாதையால் ஆனது. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். மனைவி கணவனின் பெயரைச் சொல்லமாட்டாள், குடியானவன் அதிகாரியின் பெயரைச் சொல்லமாட்டான். மரியாதை நல்லதுதான். ஆனால் அது வளர்ந்து வளர்ந்து, மந்திரிகளின் பெயரே யாருக்கும் தெரியாத இடத்தில் கொண்டுபோய் விட்டது. ஏரியைப் பார்ப்பவர் ஏரிநாயகம், நெல்லைப் பார்ப்பவர் களஞ்சியநாயகம், காவலைப் பார்ப்பவர் காவல்நாயகம். பட்டம் தோளில் போடுகிற துண்டு மாதிரி. ஒருவர் கழற்றி வைத்தால் இன்னொருவர் போட்டுக்கொள்வார். துண்டை யார் தண்டிக்க முடியும்?

அந்த நாட்டில் எல்லாருக்கும் பெயர் தெரிந்த அரண்மனை ஆள் ஒருவன்தான். அவன் முரசறைகிற தத்தன்.

காலையில் தத்தன் அரண்மனைக்குப் போவான். கூடத்தில் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் மூன்று நாயகங்களும் இருப்பார்கள். மூவரில் ஒருவர் அன்றைய உத்தரவைக் கிசுகிசுப்பார். கிசுகிசுப்பில் ஆளின் குரல் தெரியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தத்தன் கேட்டதைக் கேட்டபடி தெருத்தெருவாக அறைந்துவிட்டு வீட்டுக்குப் போவான். சொன்னது யார் என்று அவன் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதையே தன் தொழிலின் நேர்மை என்று நினைத்திருந்தான்.

நான்காவதாக நடந்ததுதான் இந்தக் கதை.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. பேரேரி தளும்பியது. ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்த கீழ்க்குடி சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினார்கள். அன்று திரைக்குப் பின்னாலிருந்து வந்த உத்தரவு இதுதான்: ஏரிக்கு ஆபத்தில்லை, கீழ்க்குடியார் வீட்டிலேயே இருக்க வேண்டும், வெளியே வந்தால் சவுக்கடி. தத்தன் மழையில் நனைந்துகொண்டே கீழ்க்குடியின் ஒவ்வொரு சந்திலும் நின்று அறைந்தான். தெரிந்த குரல் ஆயிற்றே என்று கட்டிய மூட்டையை அவிழ்த்தார்கள். அவன் மனைவி கொற்றியின் அண்ணனும் அவிழ்த்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ மதகைத் திறந்தார்கள். கீழ்க்குடியில் பாதி வீடுகள் ஆட்களோடு போயின.

பிழைத்தவர்கள் சேறு படிந்த துணியோடு, கிடைத்த உடல்களைத் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். அழவில்லை. அழாமல் நின்ற அந்தக் கூட்டத்தைப் பார்த்து அரசருக்கே பயம் வந்தது. நாயகங்களை வெளியே கூப்பிட்டு விசாரித்தார்.

மதகின் சாவி காவலிடம் இருக்கிறது, என்னைக் கேட்டால் எப்படி என்றார் ஏரிநாயகம். சாவி இருந்து என்ன, திறக்கிற ஆள் ஏரியின் ஆள், அவனையும் அன்றிலிருந்து காணோம் என்றார் காவல்நாயகம். பெய்தது மழை, மழை எங்கள் இலாகா அல்ல என்றார் களஞ்சியநாயகம். பிறகு மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே இருங்கள் என்று சொன்ன வாய் யாருடையது என்று ஊரையே கேட்டார்கள்.

ஊர் மொத்தமும் தத்தனைத் திரும்பிப் பார்த்தது.

அரசர் தீர்ப்புச் சொன்னார். "அறைந்தவன் நீ. உனக்குச் சொன்னவன் யார் என்று அமாவாசைக்குள் சொல். சொன்னால் அவன் கழுவேறுவான். சொல்லாவிட்டால் நீ ஏறுவாய். இது ஊரார் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு."

தத்தன் வாயைத் திறந்தான். சொல்ல ஒரு பெயரும் இல்லை.

சிறைக்கு எதிரிலேயே கழுமரம் செதுக்கினார்கள். மரம் செதுக்கும் வாய்ச்சியின் சத்தம் நாள் முழுக்கச் சிறைக்குள் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. நின்றது இன்னும் மோசம், ஏனென்றால் மரத்துக்கு எண்ணெய் பூசத் தொடங்கியிருந்தார்கள். ஆமணக்கெண்ணெய் வாடை சிறைக்குள் வந்து அவன் சோற்றிலும் ஏறியது.

கொற்றி கூழ் கொண்டு வருவாள், பேசமாட்டாள், கலயத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் பேசினாள்.

"எங்கண்ணன் உம்ம குரலை நம்பித்தான் மூட்டையை அவிழ்த்தான். இத்தனை வருசத்தில் ஒருநாளாவது, சொல்வது யார் என்று அந்தத் திரையைக் கேட்டீரா?"

தத்தன் தலை குனிந்தான். இப்போது கேட்டாலும் யார் சொல்லப்போகிறார்கள் என்றான்.

"செஞ்சது யாருன்னு கேட்டா ஒருத்தனும் வரமாட்டான்" என்றாள் கொற்றி. "பரிசு கொடுக்கிறோம்னு கூப்பிட்டுப் பாரும். மூணு பேரும் முண்டியடிச்சுக்கிட்டு வருவானுங்க. குளத்துக்குப் படி கட்டினப்போ பார்க்கலையா?"

வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். தத்தன் கூழைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். குளத்துப் படி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டியது நானே என்று மூன்று நாயகங்களும் முட்டிக்கொண்டதில் அன்று கல்லே நடவில்லை. பெரியவர்கள் தங்கள் பெயரை வெளியே விடும் ஒரே இடம் கல். நல்ல காரியம் நடந்தால் கல் நடுவார்கள். நடுவதற்கு முன், செய்வித்தவர் ஊரார் முன்னால் வந்து, ஆம், நானே செய்வித்தேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு அவர் பெயரை, தகப்பன் பெயரோடும் ஊரோடும், முரசுக்காரன் உரக்கப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் உளி கல்லைத் தொடும்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு காவலன் கதவைத் திறந்தான். முரசு அவன் கையில் இருந்தது.

"எழுந்திரு அண்ணே. நாளன்னைக்கு உன்னைக் கழுவேத்துற சேதியை ஊருக்கு அறையணும். உன்னை விட்டா இந்த ஊரில் வேற தொண்டை ஏது?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

பொய் உத்தரவு அறைகிறவனுக்கு அந்த நாட்டில் நாக்கை அறுத்து, அதன் பிறகு கழு. அது தெரிந்தும் தத்தன் முரசைத் தோளில் மாட்டினான். காவலன் வெளியே நிற்க, கூடத்துத் திரைமுன் போய் உத்தரவைக் கேட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தான். முதல் தெருவில் தன் தண்டனையை அறைந்தான். முரசுக்காரன் தத்தன் குற்றவாளி, கழுவேறுவான், இத்தோடு வழக்கு முடிந்தது. அறைந்துவிட்டு மூச்சு வாங்கினான். காவலன் கிளம்பத் திரும்பியபோது மறுபடியும் குச்சியை ஓங்கினான்.

மேலிடத்து உத்தரவு என்று தொடங்கினான். கீழ்க்குடிக்கு அப்பால் பனங்காட்டில் எதிரி நாட்டுக் குதிரைப்படை பதுங்கியிருந்தது. அந்த வெள்ளத்தில் அது அடியோடு அழிந்தது. மதகைத் திறக்கச் சொன்னவர் நாட்டைக் காத்தவர். அவருக்கு ஏரிக்கரையில் கல்லும் வரியில்லா நிலமும் உண்டு. நாளைக் காலை ஊரார் முன் வந்து பெயரைத் தரலாம்.

காவலன் கொட்டாவி விட்டான். உத்தரவு திரையிலிருந்து தத்தன் காதுக்கு நேரே வருவது. அதை யார் சொன்னது என்று கேட்டுப் பழகியவன் அந்த நாட்டில் யார்?

கீழ்க்குடியில் அதை அறைந்தபோது கல் பறந்து வந்தது. நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணில் வழிந்தது. எங்கள் பிள்ளைகளைக் கொன்றவனுக்குக் கல் நடவும் நீதான் முரசடிப்பாயா என்று ஒரு கிழவர் அவன் முகத்தில் துப்பினார். தத்தன் துடைத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனான். விளக்கம் சொல்ல முடியாது, சொன்னால் அத்தனையும் பாழ். கூட்டத்தில் கொற்றி நின்றிருந்தாள். அவள் கையிலும் ஒரு கல் இருந்தது. அவனைக் கூர்ந்து பார்த்தாள். கல்லைக் கீழே போட்டாள்.

அரண்மனைக்குள் என்ன நடந்தது தெரியுமா? இது அரசரின் உத்தரவு என்று நாயகங்கள் நினைத்தார்கள். நாயகங்களின் உத்தரவு என்று அரசர் நினைத்தார். கேட்பது மரியாதை அல்ல என்று ஒருவரும் கேட்கவில்லை. பழிக்கு ஒரு கழுத்து கிடைத்துவிட்டது, மிச்சம் இருப்பது புகழ்தான் என்று அவரவர் வீட்டில் நல்ல துணியை எடுத்து வைத்தார்கள்.

மறுநாள் ஏரிக்கரையில் ஊர் கூடியது. கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அரசர் குடைக்கீழ் உட்கார்ந்திருந்தார். கீழ்க்குடியார் ஒரு சுவர் மாதிரி எதிரே நின்றார்கள். தத்தனைக் காவலோடு கொண்டுவந்து கல்லருகில் நிறுத்தினார்கள். ஒருவரும் வராவிட்டால்?

வந்தார்கள். சாவியைக் கொடுத்தது நான் என்றார் காவல்நாயகம். யோசனை என்னுடையது என்றார் களஞ்சியநாயகம். இருவரையும் கையால் விலக்கிக்கொண்டு வந்தார் ஏரிநாயகம். அவர் பின்னால், காணாமல் போன மதகுக் காவலாள் குனிந்தபடி வந்தான். அவனை இத்தனை நாளும் தம் கமுகந்தோப்பில் பத்திரமாக வைத்திருந்தாராம். ஏரித் தண்ணீர் ஏறி அழுக இருந்ததும் அந்தத் தோப்புதான், மதகு திறந்ததற்கு வேறு காரணம் கிடையாது. கீழ்க்குடியார் கரைக்கு வந்தால் திறக்க விடமாட்டார்கள் என்றுதான் அவர்களை வீட்டில் அடைத்தது.

திறக்கச் சொன்னது யார் என்று அரசர் கேட்டார். காவலாள் ஏரிநாயகத்தை நோக்கி விரலை நீட்டினான்.

"சத்தம் கேட்டால் எதிரி தப்பிவிடுவான் என்று, கீழ்க்குடியாரை வீட்டிலேயே இருக்கும்படி முரசறையச் சொன்னதும் அடியேன்தான்" என்றார் ஏரிநாயகம். குரலில் அவ்வளவு பணிவு. ஏரியைத் தொட்டு, ஆம், நானே செய்வித்தேன் என்று சத்தியம் செய்தார். பெயர் எழுதிய ஓலையைத் தத்தனின் கையில் வைத்தார்.

தத்தன் ஓலையைப் பார்த்தான். பிறகு அரசரைப் பார்த்தான்.

"அரசே, அமாவாசைக்குள் ஒரு பெயர் சொல்லச் சொன்னீர்கள். இந்தப் பெயர்தான்."

ஏரிநாயகத்தின் முகம் முதலில் குழம்பியது, பிறகு வெளுத்தது. கல் நடச் சொன்ன உத்தரவு யாருடையது என்றார். அந்த நாட்டில் ஒரு நாயகம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுவே முதல் தடவை.

"எப்போதும் போல மேலிடத்து உத்தரவு ஐயா" என்றான் தத்தன்.

மற்ற இரண்டு நாயகங்களும் கூட்டத்துக்குள் ஒதுங்கப் பார்த்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை. அரசர் கீழ்க்குடியாரின் முகங்களைப் பார்த்தார். ஊரார் முன்னால் தாம் கொடுத்த வாக்கு அவருக்கு நினைவு வந்தது. வாக்கை மீறினால் தமக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. "படி" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது.

கேட்கிறவர்களே, நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தத்தன் படித்த பிறகு எழுந்த இரைச்சலில் யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. உத்தரவு போடுகிறவனின் பெயரைக் கேட்கப் பயப்படும் நாட்டில், பெயர் தெரிந்த ஏழைதான் எல்லாக் குற்றத்துக்கும் சாவான், ஆகையால் முதல் உத்தரவு வரும் அன்றைக்கே பெயரைக் கேட்டுவிட வேண்டும்.

தத்தன் நெற்றிக் காயத்தில் மறுபடி கசிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். கல்லுக்கு முதுகைக் காட்டி, செத்தவர்களின் சொந்தக்காரர்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஓலையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான். முரசில்லாமல் வெறும் தொண்டையால் படித்தான்:

"மருதூர், நம்பன் மகன், வெண்காடன்."